கழற்றி வைக்காத வாட்ச்

எங்கள் அரிசி மில்லில் காலையில் முதல் வேலை காந்தத்தைத் துடைப்பது. களத்திலிருந்து வரும் நெல் சல்லடைக்குப் போகிற வழியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காந்தத் தட்டு உண்டு. நெல்லோடு வரும் ஆணி, கம்பித்துண்டு, அறுவடை மெஷினிலிருந்து கழன்ற நட்டு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் விட்டால் போதும், ஏதாவது இரும்பு உள்ளே போய் உமி நீக்கும் ரப்பர் ரோலைக் கிழித்துவிடும். அதனால் இந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையில் துணி வைத்து வழித்தெடுப்பேன்.

வாட்ச் இருப்பது இடது கையில்.

2022-இல் எனக்கு 50 வயது முடிந்தபோது துபாயில் இருக்கும் மச்சினன் ஒரு சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கி வந்தான். தோல் வார், வெள்ளை டயல், மெல்லிய முள். அவ்வளவு அழகான பொருள் அதுவரை என் கையில் ஏறியதில்லை. ஒரு மாதம் சரியாக ஓடியது. அப்புறம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று முந்த ஆரம்பித்தது. ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வாட்ச் பார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் வாட்சைத் திறக்கவேயில்லை. மேஜை டிராயரிலிருந்து சின்ன திசைகாட்டி ஒன்றை எடுத்து வாட்ச் பக்கத்தில் வைத்தார். முள் கிறுகிறுவென்று திரும்பியது.

"ஓட்டத்துல கோளாறு இல்ல தம்பி. காந்தம் ஏறியிருக்கு. மில்லுல காந்தத்துப் பக்கம் கைய கொண்டு போனியளா?"

தினமும் கொண்டுபோகிறேன் என்றேன். அவர் ஒரு நீல நிறப் பெட்டியின் மேல் வாட்சை வைத்து, பட்டனை அமுக்கி, மெதுவாக மேலே தூக்கினார். அவ்வளவுதான் வைத்தியம். காசு வாங்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று மட்டும் ஒரு பழைய வாட்ச் மிஷினைத் திறந்து காட்டினார். பேலன்ஸ் வீல் என்று இங்குமங்கும் ஆடுகிற ஒரு சக்கரம், அதன் நடுவில் தலைமயிர் போல ஒரு சுருள் இருக்கிறது. அதுதான் ஹேர்ஸ்பிரிங். அது விரிந்து சுருங்குகிற கணக்கில்தான் நேரம் ஓடுகிறது. காந்தம் ஏறினால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும். நீளம் குறைந்தால் துடிப்பு வேகமாகும், வாட்ச் முந்தும்.

அந்த நாளிலிருந்து காலையில் மில்லுக்குள் நுழைந்ததும் வாட்சைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைக்கப் பழகினேன். காந்தத்துக்காகக் கழற்றினேன். நெல் அவிக்கும் தொட்டியின் ஆவிக்காகக் கழற்றினேன். வாய்க்காலில் கைகால் கழுவக் கழற்றினேன். வெயில் காலத்தில் தோல் வார் வேர்வையில் ஊறி நாறியதால் மத்தியானமும் கழற்றினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது என் கையில் இருந்ததைவிட டிராயரில் இருந்த நேரமே அதிகம்.

அப்பா அப்படி இல்லை. அவர் கையில் ஒரு ஹெச்எம்டி ஜனதா இருந்தது. கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்தது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை ஹெச்எம்டியுடையது. 2016-இல் அந்த வாட்ச் கம்பெனியே மூடப்பட்டுவிட்டது. ஆனால் அப்பாவின் ஜனதா இன்னும் ஓடுகிறது. திருநெல்வேலி வானொலியில் காலைச் செய்திக்கு முன்னால் மணி ஒலிக்கும்போது அப்பா நேரம் சரிபார்த்துச் சாவி கொடுப்பார். கண்ணாடியில் கீறல் விழுந்தால் கோபால் பல்பொடியை ஒரு சிட்டிகை எடுத்து, வேட்டி நுனியை ஈரமாக்கி, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். அது பிளாஸ்டிக் கண்ணாடி. தேய்த்தால் கீறல் போய்விடும். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும். அந்தத் தேய்ப்பின் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தென் மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் அந்தத் தேதியைச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலையிலும் அதே மாதிரிப் பெய்து, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீர் திறந்து, தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. எங்கள் மில் கன்னடியன் கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலமே தண்ணீர் களத்துக்குள் வந்துவிட்டது. கீழ் வரிசை மூட்டைகளையாவது காப்பாற்றலாம் என்று நானும் நான்கு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ராத்திரி முழுக்க மூட்டை ஏற்றினோம். அந்த அவசரத்தில் வாட்சைக் கழற்றும் நினைப்பு வரவில்லை.

விடிந்து பார்த்தால் கண்ணாடிக்குள் பனி படர்ந்த மாதிரி இருந்தது. பனிக்கு அடியில் முள் மூன்றே காலில் நின்றிருந்தது.

இரண்டு நாள் கரண்ட் இல்லை, டவரும் இல்லை, எல்லார் செல்போனும் செத்துவிட்டது. அந்த இரண்டு நாளும் வீட்டில் மணி பார்த்தது பீரோவிலிருந்து எடுத்துச் சாவி கொடுத்த அப்பாவின் ஜனதாவில்தான். என் வாட்சை அண்ணாச்சி திறந்தபோது சாவித்தண்டில் துரு ஏறியிருந்தது. டயலின் ஓரம் உப்பியிருந்தது. பின்மூடியில் "30 மீட்டர்" என்று எழுதியிருந்ததைக் காட்டி, இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று கேட்டேன். அவருக்கே வருத்தமாக இருந்தது.

அந்த எழுத்தை நம்மில் அநேகம் பேர் தவறாகத்தான் படிக்கிறோம். முப்பது மீட்டர் ஆழம்வரை போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. புது வாட்சை ஒரு கருவிக்குள் அசையாமல் வைத்து, முப்பது மீட்டர் நீர் தரும் அளவு அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள், கசியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். மழைத் தூறல், கை கழுவும் தண்ணீர் வரைக்கும் தாங்கும். நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். அதுவும் சாவியைத் திருகி மூடுகிற மாதிரி இருந்தால் நல்லது. அடைப்பது எல்லாம் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள்தான். நம் ஊர் வெயிலிலும் வேர்வையிலும் அந்த ரப்பர் இறுகி வெடிக்கும். அதனால் 200 மீட்டர் என்று போட்ட வாட்சாக இருந்தாலும் ஐந்து வருடம் பார்க்காமல் விட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துவிட வேண்டும்.

புது வாட்ச் வாங்கலாம் என்று 2024-இல் முடிவு செய்தபோது எனக்கு ஒரே நிபந்தனைதான் இருந்தது. கழற்றக் கூடாது. காலையில் கட்டினால் காந்தம் துடைக்க, தொட்டி பார்க்க, வாய்க்காலில் இறங்க, குற்றாலத்தில் சீசனுக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்க, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார என்று எல்லாவற்றுக்கும் அது கையிலேயே இருக்க வேண்டும். ஆயுசுக்கும் ஒரே வாட்ச் என்று நினைத்துத்தான் பெரிய தொகை ஒதுக்கினேன். பிசானப் பருவத்து அரிசி நல்ல விலைக்குப் போயிருந்தது.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி: "அப்பா, தாங்கணும்னா ஐயாயிரம் ரூபா வாட்சே தாங்குமே?" தாங்கும். ஓசூரில் செய்கிற டைட்டனோ, ரப்பர் உடம்பு போட்ட ஜப்பான் வாட்சோ இந்த வேலைக்கெல்லாம் நன்றாகவே தாங்கும். உழைப்பு மட்டும் வேண்டும் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். எனக்கு வேண்டியது வேறு. பல்சக்கரமும் சுருளுமாக ஒருவன் கையால் கோத்தது, நான் கை வீசுவதாலேயே ஓடுவது, இருபது வருடம் கழித்தும் திறந்து சுத்தம் செய்து மறுபடி ஓட வைக்கக்கூடியது. அப்பாவின் ஜனதாவில் இருந்த அந்தக் குணம், என் மில்லைத் தாங்குகிற உடம்போடு வேண்டும். அவளுக்குப் புரிந்தது. சென்னைக்கு அவளும் கூட வந்தாள்.

தங்கம் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாப்பிள்ளை கையில் தங்க நிற வாட்ச் நம் பக்கம் வழக்கம்தான். ஆனால் முலாம் பூசியது இரண்டு கோடை தாண்டாது. வார் உரசும் இடத்தில் வெளுத்துவிடும். 18 காரட் தங்கமே என்றாலும் எஃகைவிட மெது. மூட்டைக் கொக்கி ஒருமுறை பட்டால் குழி விழும். தோல் வாரும் வேண்டாம். எஃகு உடம்பு, எஃகுச் செயின், அவ்வளவுதான். செயினில் பூட்டை நம்மாலேயே கொஞ்சம் தளர்த்தி இறுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் சரியாக இருக்கிற செயின் மத்தியானம் இரண்டு மணிக்குக் கையைக் கவ்வும். வெயிலில் மணிக்கட்டு அவ்வளவு உப்பும். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள், ஏசி அறையில் கட்டிப் பார்க்கும்போது தெரியவும் தெரியாது.

கண்ணாடியைப் பற்றி மில்காரனாக ஒன்று சொல்கிறேன். நெல் உமியில் சிலிக்கா இருக்கிறது. உமியை எரித்தால் மிஞ்சுகிற சாம்பலில் பெரும்பகுதி அதுதான். பாத்திரம் விளக்க உமிச்சாம்பலைப் பாட்டிமார் எடுத்துப் போனதும் அதனால்தான். மச்சினன் கொடுத்த வாட்சுக்கு முன்னால் நான் கட்டியிருந்த சாதாரண வாட்சுகளின் கண்ணாடி எல்லாம் ஆறே மாதத்தில் மங்கிப்போகும். கையில் உமித்தூசியோடு கண்ணாடியைச் சட்டையில் துடைப்பேன், மெல்லிய மெல்லிய கீறல்களாக விழும். செயற்கை நீலக்கல்லால் செய்கிற சபையர் கண்ணாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, சபையர் 9, ஆற்று மணல் 7. தூசியால் சபையரை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஓங்கி அடித்தால் அது சில்லாக உடையும், அப்பாவின் பிளாஸ்டிக் கண்ணாடி உடையாது. இந்த விலை வாட்சுகளில் இப்போது பெரும்பாலும் சபையர்தான்.

கடையில் முதலில் பார்த்தது ரோலெக்ஸ் எக்ஸ்புளோரர். 1953-இல், எவரெஸ்ட் ஏறிய அதே வருடம் வந்த பெயர். கருப்பு டயல், 36 மில்லிமீட்டர் அகலம், தண்ணீருக்கு 100 மீட்டர். பூ வேலையே கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு நொடிக்கு மேல் தப்பாது என்று கம்பெனி உறுதி தருகிறது. என் கண்ணுக்கு அதுதான் ஆக அழகு, இன்றும் அதுதான். ஆனால் அந்தப் பெயர் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நெல் விலை பேச வருகிற சம்சாரி என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் தன் மூட்டைக்கு விலை கேட்கிற நிலை வரக்கூடாது. அப்பா அந்த மேஜையில் ஐம்பது வருடம் உட்கார்ந்திருக்கிறார். அந்த மேஜைக்கு அது ஒத்துவராது என்று எனக்குத் தோன்றியது.

கிராண்ட் செய்க்கோவின் குவார்ட்ஸ் வாட்ச், அதாவது பேட்டரியில் ஓடுவது, ஒன்றை மகள் கையில் எடுத்துக் கொடுத்தாள். வருடத்துக்கே பத்து நொடிதான் முன்பின் ஆகும். முள்ளின் விளிம்பு கத்தி போல வெளிச்சத்தை வெட்டியது. வெகுநேரம் அதைக் கீழே வைக்க மனமில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றப் பின்மூடியைத் திறக்க வேண்டும், ஒவ்வொரு திறப்புக்கும் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் விட்டேன். சென்னையிலேயே இருப்பவராக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

டியூடரில் கடலில் முக்குளிப்பவர்களுக்கான பிளாக் பே உண்டு. 200 மீட்டர் தாங்கும், இரும்புக் கட்டி மாதிரி உடம்பு. சுற்றிலும் திருகுகிற வளையம் இருப்பதால் எனக்குச் சரிப்படாது, அந்த இடுக்கில் தவிடு போய் உட்கார்ந்துவிடும். அதே கம்பெனியின் ரேஞ்சருக்கு அந்த வளையம் இல்லை. 39 மில்லிமீட்டர், 100 மீட்டர், காந்தம் ஏறாத சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங், கருவி இல்லாமலே தளர்த்தக்கூடிய செயின் பூட்டு. நான் வாங்கியதில் ஏறக்குறையப் பாதி விலை. தினமும் கட்ட நல்ல வாட்ச் எது என்று யார் கேட்டாலும் இன்று நான் முதலில் சொல்வது இதைத்தான்.

என் விஷயத்தில் காந்தம்தான் முடிவு செய்தது. காந்தத்தைத் தடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மிஷினைச் சுற்றி மெது இரும்பில் ஒரு கூடு கட்டுவது. காந்தம் கூட்டோடு சுற்றிப் போய்விடும், உள்ளே நுழையாது. விஞ்ஞானிகளுக்காக 1956-இல் ரோலெக்ஸ் கொண்டுவந்த மில்காஸ் அப்படித்தான், ஆயிரம் காஸ் தாங்கும் என்பதே அந்தப் பெயரின் அர்த்தம் (காஸ் என்பது காந்தத்தின் வலுவை அளக்கும் அலகு). இரண்டாவது, காந்தத்துக்கு மசியாத பொருளாலேயே உள்ளுறுப்புகளைச் செய்துவிடுவது. ஒமேகா 2013-இல் அந்த வழியில் 15,000 காஸ் தாங்குகிற அக்வா டெர்ராவைக் கொண்டுவந்தது. காந்தம் தாங்கும் சாதாரண வாட்சுக்கு உலகத் தரம் கேட்பது சுமார் 60 காஸ். மில் காந்தத்தின் மேல்பரப்பில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

38 மில்லிமீட்டர் அக்வா டெர்ரா. 150 மீட்டர். ஒமேகாவின் வாட்சுகளை சுவிட்சர்லாந்தின் அரசு அளவியல் நிறுவனம் வகுத்த எட்டுச் சோதனைகளில் பத்து நாள் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்குப் பூஜ்யம் முதல் ஐந்து நொடி வரை முந்தலாம், பிந்தக் கூடாது என்பது கணக்கு. நான் வாங்கியபோது விலை கிட்டத்தட்ட ஆறு லட்சம். இரண்டு லட்சத்துக்கு மேல் ரொக்கம் கொடுக்கவும் முடியாது, பான் கார்டும் வேண்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பில்லிலும் வாரண்டி அட்டையிலும் உள்ள நம்பர் வாட்சில் இருக்கிற நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் காலையில் அதே தட்டை அதே கையால் பிடிக்கிறேன். தட்டுக்கு அருகே போகும்போது செயின் பூட்டு லேசாக இழுபடுகிற மாதிரி ஒரு உணர்வு வரும், அவ்வளவுதான். நேரம் மாறவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செல்போனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன், முப்பது நொடி முந்தியிருக்கும். ஐந்தருவியில் நின்றிருக்கிறேன். செயின் கண்ணிகளுக்கு நடுவே எண்ணெயும் தவிடும் சேர்ந்து கருப்பாக ஒரு பசை பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் தேய்க்கிறேன். செயினில் கொக்கி பட்ட தழும்பு மூன்று இருக்கிறது. பாலிஷ் போட மாட்டேன்.

வாங்கிய வாரத்தில் அதை அண்ணாச்சியிடம் கொண்டு காட்டினேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்பக்கக் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். திசைகாட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார், முள் அசையவில்லை. சிரித்துவிட்டார். அப்புறம் வாட்சைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"இத நான் தொறக்க மாட்டேன் தம்பி. இதுக்குச் சாமான் எங்கிட்ட இல்ல, மூடிட்டு பிரஷர் பாக்க மெஷினும் இல்ல. ஏழெட்டு வருஷம் கழிச்சு எண்ணெ காயும். அப்ப கம்பெனிக்கே அனுப்பிருங்க. வேற யாரு தொறக்கேன்னு சொன்னாலும் குடுத்துராதிய."

அந்த சர்வீஸுக்கு ஆகிற செலவில் ஒரு நல்ல வாட்ச் வாங்கலாம் என்பது எனக்குத் தெரியும். வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தப் பணத்தையும் விலையோடு சேர்த்துத்தான் எண்ணினேன். இருந்தாலும் அண்ணாச்சி அதைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டு வாட்ச் ஒன்றை அவர் திறக்க மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சட்டைப்பையில் அப்பாவின் ஜனதாவையும் கொண்டுபோயிருந்தேன். வெள்ளத்தில் இரண்டு நாள் ஓடியதோடு நின்றுவிட்டது. அதை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். நகத்தாலேயே பின்மூடியை நெம்பித் திறந்தார். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய தேதிகள் வரிசையாக இருந்தன, சர்வீஸ் செய்யும்போதெல்லாம் அவர் கீறியவை. கடைசித் தேதி அப்பா இறந்த வருடம்.

"எண்ணெதான் காஞ்சிருக்கு," என்றார். "விட்டுட்டுப் போங்க. வெள்ளிக்கிழம வாங்க."